கண்ணாடி தூக்குகிறவர்களின் நடனம்

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன பிரச்சினைன்னே எனக்குப் புரியலையே" என்று ஆலோசகர் அம்மாள் சொன்னபோது, அவர் வாயை அங்கேயே தைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. சொன்னதோடு விட்டாரா? மற்ற ஜோடிகளைக் கூப்பிட்டு எங்களைச் சுற்றி நிற்க வைத்தார். "இவங்களைப் பாருங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக்கூட இல்ல. ஆனா எவ்வளவு பொருத்தமா நகர்றாங்க பாருங்க" என்று புகழ்ந்து தள்ளினார். என் கணவர் கூச்சத்தோடு சிரித்தார்.

நாங்கள் அங்கே போனது பிரிவதற்காக. சரியாகச் சொன்னால், நான் பிரிவதற்காகப் போனேன். அவர் கூட வந்தார்.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஒரு பக்கம் முழுக்கச் சுவர்க்கண்ணாடி. மட்டமான கண்ணாடி, நடுவில் லேசாக நெளியும். ஒரு ஜோடி அந்த இடத்தைத் தாண்டும்போது இடுப்புக்குக் கீழே தனியாக ஆடுவது போலத் தெரியும். வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை. பேசிப் பேசி அலுத்துப்போன தம்பதிகளை அங்கே ஆட வைத்துச் சரிசெய்வதுதான் ஆலோசகரின் முறை. பெரிய ஆட்டமெல்லாம் இல்லை. கைகோத்துக்கொண்டு மெதுவான பாட்டுக்கு முன்னும் பின்னுமாக நடப்பது, திரும்புவது. ஒருவர் நடத்த வேண்டும், மற்றவர் கூடப் போக வேண்டும். மணி அடித்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். பாட்டு ஓடுகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. "வாய் என்ன வேணா சொல்லும். உடம்பால பொய் சொல்ல முடியாது" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் மகள். வேலை பார்ப்பது வெளியூரில். நான் தனியாகப் போய் இருக்கப்போகிறேன் என்று சொன்னதும் முதலில் அழுதாள், பிறகு கத்தினாள், பிறகு சமாதானத்துக்கு வந்தாள்.

"ஒரு தடவை கவுன்சிலிங் போங்கம்மா. முழுசா முடிங்க. அவங்களே இது சரிப்பட்டு வராதுன்னு சொல்லிட்டா, நான் அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அப்பாவும் பேசக் கூடாது. சரியாயிடும்னு சொல்லிட்டா, நீ போற பேச்சையே எடுக்கக் கூடாது."

நான் ஒத்துக்கொண்டேன். அப்பாவும் சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

இதுதான் என் சிக்கலே. அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்காது. என் அண்ணி போனில் விசாரணை நடத்தினாள். "குடிக்கிறாரா?" இல்லை. "கை ஓங்குறாரா?" இல்லை. "வேற எவகூடவாவது...?" ஐயோ, அதற்கெல்லாம் முதலில் பக்கத்தில் ஒருத்தி இருப்பது தெரிய வேண்டும். "அப்புறம் என்னதான்டி வேணும் உனக்கு? நான் குடுத்து வச்சது அவ்வளவுதான்னு இங்க ஒருத்தரோட குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். உனக்குத் தங்கமான மனுஷன் கிடைச்சும் கசக்குதா?" என்று போனை வைத்துவிட்டாள்.

கசக்கத்தான் செய்தது. எங்களுக்குக் கண்ணாடிக் கடை. படங்களுக்குச் சட்டம் போடுவோம், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்போம். என் அம்மா இறந்து, அடக்கத்துக்கு வந்த அவர் முன்பே திரும்பிவிட, நான் மட்டும் இருந்து எல்லாம் முடித்து, பேருந்தில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்குப் போனேன். அவரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவர் மேஜையில் குனிந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டியா? அந்தப் பக்கம் பிடி" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் பிடித்தேன். அதில் கோபமோ அலட்சியமோ இல்லை. பிடிக்க ஆள் வந்தது என்ற நிம்மதிதான் இருந்தது. இதை அண்ணியிடம் சொன்னால், "பாவம், தனியாத் தூக்க முடியாம நின்னிருப்பாரு" என்பாள். சொன்னேன், அப்படியேதான் சொன்னாள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

முதல் வகுப்பில் ஆலோசகர் எங்களை எதிரெதிரே நிற்க வைத்தார். கைகளைப் பிடித்துக்கொண்டு அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக வேண்டும். ஒருவர் முன்னால் நடப்பார், மற்றவர் பின்பக்கமாக. மற்ற ஜோடிகள் இடித்துக்கொண்டார்கள், மிதித்துக்கொண்டார்கள், ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். நாங்கள் பாட்டுக்குப் போனோம், மூலையில் திரும்பினோம், வந்தோம். எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது? ஆளுயரக் கண்ணாடியை ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு, சாமான்கள் அடைந்து கிடக்கிற எங்கள் கடைக்குள் காலமெல்லாம் அப்படித்தானே நடக்கிறோம். கண்ணாடி தூக்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஓரத்தைப் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அவர் நின்றால் நான் நிற்க வேண்டும், நான் சாய்ந்தால் அவர் சாய வேண்டும். பேச்சு கிடையாது. பேசினால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் கை மாறும். ஒருவருக்குத் தும்மல் வந்தால்கூட மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ரத்தம்தான்.

அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் அசந்துபோனார்.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். நான் உள்ளே போனதும் எடுத்த எடுப்பிலேயே சொன்னேன்.

"மேடம், நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நாங்க கண்ணாடி தூக்குறவங்க. அதனாலதான் அப்படி வருது."

அவர் கண்களை மூடித் திறந்தார். "எவ்வளவு அழகாச் சொன்னீங்க. உறவும் கண்ணாடி மாதிரிதான். ரெண்டு பேரும் பத்திரமாத் தூக்கிட்டுப் போகணும்."

"அதில்லை மேடம். நிஜக் கண்ணாடி. எங்களுக்குக் கண்ணாடிக் கடை."

"அப்படியா, ரொம்ப நல்ல தொழில்" என்றார். பிறகு முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "பின்பக்கமா நடக்குறப்ப நீங்க ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை. மனசுல நம்பிக்கை இல்லாத யாராலயும் அது முடியாதும்மா. கோபம் மேலோட்டமாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள நீங்க அவரை விட்டுக் கொஞ்சமும் விலகலை."

படித்தவர், நல்லவர், பொறுமையானவர். அவரை என்ன செய்வது? நான் கரடியாகக் கத்தினாலும் என் கால்கள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டன.

எங்களோடு வந்தவர்களில் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வகுப்பிலேயே கடைசி இடம் அவர்களுக்குத்தான். டிரைவர் பாட்டைப் பற்றிக் கவலையே படாமல், நெரிசலில் வண்டி ஓட்டுவது போல மனைவியைத் தள்ளிக்கொண்டு போவார். அவள் பாட்டு ஓடும்போதே சண்டைக்கு வருவாள்.

"இந்த மனுஷன் என் சுண்டு விரலை நசுக்கிட்டாரு மேடம்."

"நீ ஏன் நடுவுல காலை வைக்கிற?"

"என் காலை நான் எங்கதான் வைக்கிறது, உங்க தலையிலயா?"

"வச்சாலும் வைப்ப. வீட்டுல அதானே நடக்குது."

ஆலோசகர் பெருமூச்சு விடுவார். அவர்கள் விஷயத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது முகத்திலேயே தெரியும். எனக்கோ அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். வகுப்பு முடிந்து அவள் பெஞ்சில் உட்கார்ந்து விரலைத் தடவிக்கொண்டிருப்பாள். டிரைவர் முறைத்துக்கொண்டே வந்து, குனிந்து, "எங்க காட்டு, ரொம்பப் பட்டுடுச்சா?" என்பார். "ஒண்ணும் வேணாம் போங்க" என்று அவள் காலை இழுத்துக்கொள்வாள். இந்த இரண்டு வாக்கியத்துக்காக நான் என் சுண்டு விரலையே கழற்றிக் கொடுத்திருப்பேன்.

நான் சும்மா இருக்கவில்லை. ஆட்டத்தைக் கெடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நாங்கள் மோசமாக ஆடினால்தானே அந்த அம்மாள் என் பக்கம் திரும்புவார்? அடுத்த வகுப்பில், என் கணவர் காலை மிதிப்பதற்காகவே ஒரு அடி தப்பாக வைத்தேன். என் கால் இறங்குவதற்குள் அவர் கால் அங்கே இல்லை. வேண்டுமென்றே தாமதித்தேன்; அவரும் தாமதித்தார். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனேன், நேராக வந்தார். கையை உதறப் பார்த்தேன், முடியவில்லை. அவர் பிடித்து வைத்திருந்தார் என்று இல்லை. என் கை உதற மறுத்தது. நடுவில் கண்ணாடி இல்லை என்பது என் மூளைக்குத் தெரிகிறது, விரல்களுக்குத் தெரியவில்லை.

"பிரமாதம்" என்றார் ஆலோசகர். "இன்னிக்கு நீங்களாவே புதுசா ஆடுறீங்க. அவரும் உங்ககூட அப்படியே வர்றார்."

அன்றைக்கு எங்கள் சம்மதத்தோடு ஒரு வீடியோவும் எடுத்தார். அவர் கேட்டதும் என் கணவர் "தாராளமா" என்று சொல்லிவிட்டார். நான் மட்டும் முரண்டு பிடிக்க முடியுமா? அது மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் போன் வந்தது. அழுதுகொண்டே பேசினாள்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லம்மா. இவ்வளவு அழகா இருக்கீங்க. இதை விட்டுட்டா போறேன்னு சொல்ற?"

"அது கண்ணாடி தூக்குறதுடி."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

போனை வைத்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. வகுப்புகள் முடியப்போகின்றன. இவர்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டி, நல்லபடியாக வாழ்க என்று என்னைத் திரும்ப அதே மேஜையின் அந்தப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கவும் முடியாது. நாங்கள் ஒத்துக்கொண்ட பேச்சு அப்படி. மகளுக்குக் கொடுத்த வார்த்தையை மீறுகிற ஆள் இல்லை நான்.

கடைசி வகுப்புக்குப் போகும் வழியில், சிக்னலில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து கேட்டேன்.

"ஏங்க, ஆடுறப்ப நீங்க என்ன நினைச்சுக்குவீங்க?"

"எப்ப?"

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆடுறப்ப."

கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனிதர், பொய் சொல்ல வராது. "மறுநாள் வேலையை யோசிப்பேன். எந்த ஷீட்டுல எந்தத் துண்டை வெட்டினா மிச்சம் வீணாகாதுன்னு. அந்த நேரத்துல நல்லா ஓடுது மூளை" என்றார். பிறகு, நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தோ என்னவோ, "இந்த வகுப்பு நல்லதுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பச்சை விழுந்தது.

கடைசி வகுப்பின் பயிற்சி கொஞ்சம் வேறு மாதிரி. கைகள் தொடக் கூடாது. உள்ளங்கைக்கு எதிரே உள்ளங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், சூடு மட்டும் தெரிகிற தூரத்தில். நடத்துகிறவருக்குக் கண் திறந்திருக்கும். கூடப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவரை உணர்ந்து உணர்ந்து போக வேண்டும். "இதுதான் உச்சம். இத்தனை நாள் கத்துக்கிட்டது எல்லாம் இதுக்குத்தான்" என்றார் ஆலோசகர். எங்களைப் பார்த்து ஒரு புன்னகை வேறு.

முதலில் என் கணவர் நடத்தினார். நான் கண்ணை மூடினேன். ஒத்துக்கொள்கிறேன், கஷ்டமாகவே இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. சட்டையில் ஒட்டிய மரத்தூள் வாசனை, வலது முட்டியின் சின்னச் சொடுக்கு, திரும்பப்போகும் முன் மூக்கால் இழுக்கிற அந்த ஒரு மூச்சு. அவர் ஒரு கணம் நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். விலகியிருந்தால், அந்த நிமிடமே கண்ணைத் திறந்து "என்னங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டிருப்பேன். இத்தனை வெறுப்புக்குப் பிறகும் அப்படித்தான். அது எனக்கே அவமானமாக இருந்தது.

மணி அடித்தது. இப்போது அவர் கண்ணை மூடினார். நான் நடத்த வேண்டும்.

ஒரு சுற்று போனோம். அவர் என் எதிரே, பின்பக்கமாக, மிக அழகாக நடந்தார். நான் மூச்சை நிறுத்திப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளங்கைகளைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன், சூடு தெரியாத தூரத்துக்கு. அவர் போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் வந்ததும் கைகளைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிட்டேன்.

அவர் நிற்கவில்லை.

நான் இல்லாமல் இரண்டு மூன்று அடி போனார்; இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். மூலை வந்தது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அதன் நீள அகலம் அவருக்கு ஒரே பார்வையில் அளந்தாகிவிடும். சரியான இடத்தில் திரும்பினார். பாட்டு பல்லவிக்குத் திரும்பியபோது கூடவே திரும்பினார். கைகள் என் தோள் உயரத்துக்கு அப்படியே தூக்கியிருந்தன. எனக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், எதிரில் அவ்வளவு இடம் விட்டிருந்தார். முகத்தைப் பார்த்தேன். நான் எதிரில் இருக்கும்போது இருக்கிற அதே முகம்.

நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாக நின்றன. டிரைவர்தான் முதலில் பார்த்தார். மனைவியின் முழங்கையை இடித்துக் காட்டினார். சதா வாய் ஓயாத அவள் அன்றைக்குத்தான் வகுப்பு விதியை மதித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆலோசகர் என் கணவரை நிறுத்த ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தவில்லை.

எல்லாரும் சுவரோரம் ஒதுங்கிவிட, என் கணவர் மட்டும் அறை முழுவதும் ஆடினார். ஒரு அடி தப்பவில்லை. எனக்கு எழுந்து ஓடிப்போய் அவர் எதிரில் நின்றுகொள்ளலாமா என்று இருந்தது. இத்தனை பேர் முன்னால் இப்படி நிற்கிறாரே என்று மனம் துடித்தது. அவரைக் காப்பாற்றியே பழகிவிட்ட உடம்பு. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு முடிந்தது. அவர் நின்று, கைகளை மெதுவாக இறக்கி, கண்ணை மூடியபடியே மணிக்காகக் காத்திருந்தார்.

"சார்" என்றார் ஆலோசகர். குரல் அவருடைய குரல் மாதிரியே இல்லை. "கண்ணைத் திறக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க மனைவி எப்ப விலகினாங்க?"

அவர் தலையைச் சாய்த்து யோசித்தார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தது போல முகம் தெளிந்தது.

"இப்பதான்" என்றார். "பாட்டு முடியறப்ப கையை எடுத்தா."

டிரைவர் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் கண்ணைத் திறந்தார். எதிரில் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், அப்புறம் பெஞ்சில் என்னைக் கண்டுபிடித்தார்.

ஆலோசகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க பொண்ணுகிட்ட நானே பேசுறேன்மா" என்றார். "நீங்க சொன்னப்பவே நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும்." நான் தலையாட்டினேன். இதற்குத்தானே இத்தனை வாரம் அந்த மாடிப்படி ஏறினேன். கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் தெரிந்தது, அதுவரைக்கும் என் மனதின் ஏதோ ஒரு மூலை என் கணவர்தான் ஜெயிக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் நின்றபோதும், பெஞ்சில் உட்கார்ந்தபோதும், கண்ணைத் திற, திறந்து என்னைத் தேடு என்றுதான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர் என்னிடம் வந்தார். ஏதோ சரியில்லை என்பது மட்டும் அவருக்கு எட்டியிருந்தது.

"என்ன, எல்லாரும் ஒரு மாதிரி பார்க்குறாங்க? நான் ஏதாவது தப்பா ஆடிட்டேனா?"

"இல்லைங்க" என்றேன். "நீங்க ஒரு தப்பும் பண்ணலை."

"அதானே" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குனிந்து சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். நான் அழுதுகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.